சூட்டோடு கட்டிய இட்லி

எனக்கு ஜெர்மனிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சங்கரன்கோவிலில் ஒரு பேச்சு ஓடுகிறது. நான் திரும்பி வந்து மூன்று மாதம் ஆகிறது, இன்னும் ஓய்ந்தபாடில்லை. கடைக்கு வருகிறவர்கள் மோட்டாரை இறக்கி வைத்த கையோடு, அங்கே என்னத்தைத் தின்றேன், குழாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டேனா, காய்ந்த ரொட்டியையும் இலை தழையையும் தின்றால் நம் உடம்பு தாங்குமா என்று துக்கம் விசாரிப்பதுபோல விசாரிக்கிறார்கள். நானும் தலையை ஆட்டி வைத்திருக்கிறேன். என் வயிற்றுக்காக ஒரு நாடே பழி சுமந்துகொண்டிருக்கிறது. அந்த நாட்டில் ஒரு வாய் வைப்பதற்கு முன்னாலேயே என் வயிற்றைக் கெடுத்த சாப்பாடு உள்ளே போய்விட்டது என்பதை எழுதியாவது வைக்கிறேன்.

எனக்குத் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. முப்பது வருஷமாக ஒரே கடை. கரிவலம்வந்தநல்லூர், மேலநீலிதநல்லூர் பக்கத்துக் கிணற்று மோட்டார்கள் பைக்கின் பின்னால் கட்டி வரும். எல்லாம் கருகித்தான் வரும். எப்படிக் கருகியது என்று கேட்டால் ஒருத்தரும் நேராகச் சொன்னதில்லை. "ஒண்ணுமே செய்யல அண்ணாச்சி, சும்மா ஓடிட்டுக் கெடந்துச்சு, திடீர்னு நின்னுட்டு" என்பார்கள். கிணறு வற்றியது தெரியாமல் ரெண்டு மணி நேரம் ஓட விட்டிருப்பார்கள். சூடேறினால் மோட்டாரை நிறுத்துவதற்கென்று ஸ்டார்ட்டரில் ஒரு ரிலே இருக்கும். அது அடிக்கடி விழுந்து மோட்டாரை நிறுத்தித் தொல்லை கொடுக்கிறது என்று, விழாதபடி குச்சியைச் சொருகி வைத்திருப்பார்கள். திறந்ததும் வருகிற வாடையிலேயே எனக்குத் தெரிந்துவிடும். ஆனாலும் அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்காமல் நான் விடுவதில்லை. செய்ததை ஒளித்தால் அடுத்த மாதமும் கருகும் என்று கத்துவேன். வாய் கொஞ்சம் நீளம்தான் எனக்கு, ஊருக்கே தெரியும்.

என் மனைவி போய் ரெண்டு வருஷம் முடிந்திருந்தது. ஒரே மகள், ஜெர்மனியில் கம்ப்யூட்டர் வேலை. மருமகனுக்கும் அங்கேயே வேலை. வாசுதேவநல்லூர்ப் பையன், வயல்காட்டுக் குடும்பம். மகளுக்குக் குழந்தை உண்டானபோது எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே கவலை. தலைப்பிரசவம் பெண் வீட்டுப் பொறுப்பு. அம்மாக்காரி போய் மூன்று மாதம் இருந்து பார்க்க வேண்டும். இங்கே அம்மாக்காரி இல்லை. சம்பந்தியம்மாள் போகலாமென்றால் சம்பந்தி பக்கவாதம் வந்து படுத்திருக்கிறார், அவர் பக்கத்தைவிட்டு நகர முடியாது. நான் போகிறேன் என்றேன். ஆம்பிள்ளை போய் என்ன செய்வார் என்று சொந்தக்காரர்கள் முகத்துக்கு நேரே சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ரெண்டு வருஷமாக நானே மாவு அரைத்து நானே சமைத்துச் சாப்பிடுகிறேன். பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் போடவும் பூண்டுக் குழம்பு வைக்கவும் தெரியாதா எனக்கு?

மூன்றாம் மாதம் மசக்கை நேரத்தில் மகள் வீடியோ காலில் அழுதாள். எதைத் தின்றாலும் குமட்டுகிறதாம். அம்மா ரயிலுக்குக் கட்டித் தருவாளே, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி இலையில் பொதிந்த இட்லி, அது ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும் என்றாள். சென்னையில் காலேஜில் படித்த நாலு வருஷமும் அவள் ஊருக்கு வந்து திரும்பும்போதெல்லாம் அந்தப் பொட்டலம் கூடவே போகும். நான் போனை வைத்துவிட்டுக் கடையில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தே தீருவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

கிளம்புகிற வாரம் அவளே ஒன்றுக்கு ரெண்டு தடவை போன் பண்ணித் தடுத்தாள். "யப்பா, இட்லி கிட்லின்னு எதையும் கட்டிட்டு வந்துராதிய. ரெண்டு நாள் பிரயாணம், மே மாச வெயிலு. இங்கன வந்து மாவு அரைச்சுக்கிடலாம்." சரி சரி என்றேன். மசக்கைக்காரி ஆசையாகக் கேட்டதையும் வேண்டாம் என்று சொன்னதையும் தராசில் வைத்தால் எது கனம்? எனக்குக் கேட்டதுதான் கனமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சென்னைக்கு ரயில். மதியம் மூன்று மணிக்கு அடுப்பில் இட்லிக் கொப்பரையை ஏற்றினேன். பதினைந்து இட்லி. பக்கத்து வீட்டுக்காரம்மா வாழை இலையும், சங்கரலிங்கசாமி கோயிலில் இருந்து கொஞ்சம் புற்றுமண்ணும் கொண்டுவந்து தந்தாள். பூசினால் நோய் அண்டாது, மகள் நெற்றியில் பூசிவிடுங்கள் என்றாள். நான் பொடியைக் குழைத்துத் தடவிக்கொண்டிருக்கும்போதே ஆட்டோக்காரன் வாசலில் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டான். இட்லியிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. அப்படியே ஐந்தைந்தாக இலையில் பொதிந்து, அதன்மேல் வெள்ளித்தாள் சுற்றி, மூன்று பொட்டலத்தையும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு அமுக்கி மூடினேன். டப்பா என் கையைச் சுட்டது. சூடு போகாமல் இருக்கிறதே என்று அதற்கும் ஒரு சந்தோஷம்.

ரயிலில் முதல் பொட்டலத்தைப் பிரித்தேன். பிரமாதமாக இருந்தது. என் மனைவி செய்தது மாதிரியே இருந்தது என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

வெளிநாடு போகிறவர்களுக்கு வயிறு கெடும் என்று ஊரில் ஆளாளுக்குப் புத்தி சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். நான் அத்தனையையும் கடைப்பிடித்தேன். மூடி உடைக்காத பாட்டில் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. ஐஸ் போட்ட ஜூஸைக் கையாலேயே தடுத்துவிட்டேன். வெட்டி வைத்த பழத்தைப் பார்க்கவேயில்லை. விமானத்தில் வந்த சாப்பாட்டுத் தட்டை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பெண் ரெண்டு தடவை ஏதோ கேட்டாள், ரெண்டு தடவையும் கும்பிட்டேன். அடிக்கடி எழுந்து கக்கூஸ் போக வெட்கப்பட்டுத் தண்ணீரையும் குறைத்துக்கொண்டேன். தினமும் காலையில் போடுகிற அசிடிட்டி மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டேன். நெஞ்செரிச்சலுக்கென்று ஏழெட்டு வருஷமாக மெடிக்கலில் நானே கேட்டு வாங்கிப் போடுகிற மாத்திரை அது.

வளைகுடாவில் விமானம் மாற வேண்டும். அடுத்த விமானம் மணிக்கணக்கில் தாமதம். வியாழக்கிழமை விடிந்த பிறகு பசி தாங்க முடியவில்லை. சுற்றிலும் கடைகள், என்னென்னவோ மணம். எனக்கு எதன்மேலும் நம்பிக்கை இல்லை. இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்தேன். லேசாக ஒரு வாடை வந்தது. மாவு புளித்தால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். பிட்டபோது நடுவில் கொஞ்சம் பிசுபிசுத்து நூலாக இழுத்தது. எண்ணெய் கூடிப்போச்சு என்று சொல்லிக்கொண்டேன். கருகிய காயிலை மூக்கால் மோந்தே கண்டுபிடிக்கிற ஆள், ஐந்து இட்லியையும் ஒன்றுவிடாமல் தின்றேன். நம் வீட்டில் நம் கையால் செய்தது நம்மை என்ன செய்துவிடும்?

நண்பகலில் போய் இறங்கினேன். மருமகன் வந்து அழைத்துப்போனார். மகள் வாசல்வரை நடந்து வந்தாள். வயிறு இறங்கி, முகம் ஊதி, அவள் அம்மா இவளைச் சுமந்தபோது இருந்த அதே நடை. பிரசவத்துக்கு இன்னும் பத்து நாள் சொல்லியிருந்தார்கள். அவள் குளியலறையைக் காட்டி என் பையை அறையில் வைக்கப் போன நேரத்தில், மூன்றாவது பொட்டலத்தை ஃபிரிட்ஜில் பின்பக்கம், தயிர் டப்பாவுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். மறுநாள் காலையில் அவள் தட்டில் திடீரென்று வைத்து அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

மதியத்துக்கு மருமகன் சாம்பார் வைத்திருந்தார். ஃபிரீசரில் இருந்த முருங்கைக்காயைப் போட்டு, மாமா வருகிறார் என்று காலையிலேயே எழுந்து செய்தாராம். மகளுக்கு நெஞ்செரிச்சல், தயிர்ச்சோறு மட்டும் சாப்பிட்டாள். நாங்கள் ரெண்டு பேரும் சாம்பார் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது. நாலு மணிக்கு என் வயிற்றில் ஒரு முறுக்கு விழுந்தது. அதற்குப் பிறகு நடந்ததை விரிவாக எழுத வேண்டியதில்லை. வாந்தியும் பேதியும் போட்டி போட்டுக்கொண்டு வந்தன. சாயங்காலத்துக்குள் சுவரைப் பிடித்துத்தான் நடக்க முடிந்தது. பையில் இருந்த புற்றுமண்ணை எடுத்து வயிற்றில் பூசிக்கொண்டு படுத்தேன். பூசும்போதே எனக்குத் தெரியும் எது காரணமென்று. எது என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்கிறவனுக்குச் சங்கரலிங்கம்தான் என்ன செய்வார்?

மகள் நேராகச் சாம்பாரைப் பிடித்தாள். முருங்கைக்காய் எத்தனை மாதமாக ஃபிரீசரில் கிடந்தது, கரண்ட் போன அன்றைக்கு உருகி மறுபடி உறைந்ததா, நறுக்கிய பலகையைக் கழுவினீர்களா என்று மருமகனைக் கேள்வி கேட்டுத் துளைத்தாள். ஒரே குழம்பைத் தின்ற ரெண்டு பேரில் ஒருத்தர் நின்றுகொண்டிருக்கிறார், ஒருத்தர் படுத்துக் கிடக்கிறார். ஒரே லைனில் ரெண்டு மோட்டார் ஓடி ஒன்று மட்டும் கருகினால் லைனைக் குற்றம் சொல்லக்கூடாது என்று நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குச் சொல்லவில்லை. மருமகன் மீதிச் சாம்பாரைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைத் தேய்த்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். நடுவயது அம்மாள், நிதானமாகக் கேட்டாள், மருமகன் தமிழில் சொன்னார். ஐஸ் போட்டுக் குடித்தேனா, குழாய்த் தண்ணீரில் பல் தேய்த்தேனா, பச்சைக் காய்கறி, வெட்டிய பழம், தெருக்கடை ஏதாவது உண்டா, என்னோடு சாப்பிட்ட வேறு யாருக்காவது முடியாமல் இருக்கிறதா. எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றேன். வழியில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கடைசியாக ஒரு கேள்வி. நான் மருமகன் முகத்தைப் பார்க்காமல், ஒன்றும் சாப்பிடவில்லை, சும்மாதான் வந்தேன் என்றேன். முப்பது வருஷமாக நான் கத்திக்கொண்டிருந்த அதே பதிலை, அதே குரலில் நானே சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் சொன்ன நாலு வார்த்தையை மருமகன் அந்த அம்மாளிடம் வெகுநேரம் சொன்னார். அவள் இடையில் ரெண்டு கேள்வி கேட்டாள், என்னைப் பார்த்தாள், எழுதிக்கொண்டாள். அந்தப் பாஷை அவ்வளவு நீளம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

பிறகு அவர் அவள் சொன்னதை எனக்குச் சொன்னார். பயப்பட ஒன்றுமில்லை, ரத்தம் போகவில்லை, காய்ச்சலும் பெரிதில்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு வயசும் இருக்கிறது, சுகரும் இருக்கிறது, போதாததற்கு அந்த அசிடிட்டி மாத்திரை. வயிற்றில் சுரக்கிற அமிலம்தான் உள்ளே வருகிற கிருமியில் பாதியைக் கொல்கிறதாம். அதை ஏழெட்டு வருஷமாக நான் மாத்திரை போட்டு அணைத்து வைத்திருக்கிறேன். யாரிடம் கேட்டுப் போடுகிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டாளாம். ரிலேயில் குச்சி சொருகினவன் நானும்தான் என்று புரிந்தது.

கடைசியாகச் சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது. பேதி முழுசாக நின்று ரெண்டு நாள் ஆகும்வரை நான் கர்ப்பிணியின் பக்கத்தில் போகக்கூடாது. தனிக் கக்கூஸ், தனித் துண்டு, சமையலறைப் பக்கம் தலை காட்டக்கூடாது. ஆஸ்பத்திரியிலும் விடமாட்டார்கள். நிறைமாதத்தில் அவளுக்குத் தொற்றினால் வேறு வினையே வேண்டாம். நான் எதற்காக ஆறாயிரம் ஏழாயிரம் கிலோமீட்டர் வந்தேன்? வெந்நீர் போட வந்தவனுக்கு மகள் வெந்நீர் வைத்துக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை காலையில் படுத்துக் கிடந்தேன். உடம்பு கொஞ்சம் அடங்கியிருந்தது. அடுக்களையில் ஃபிரிட்ஜ் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மகள் தயிர் டப்பாவை எடுத்தாள் போலிருக்கிறது, என்னமோ பசிக்குது என்று தனக்குள்ளே பேசிக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் மண்டையில் அடித்தது. தயிர் டப்பாவுக்குப் பின்னால் அந்த ஐந்து இட்லி இருக்கிறது. அவள் வெள்ளித்தாளைப் பிரித்தால், பொடி மணம் மூக்கில் ஏறினால், யோசிக்கவா போகிறாள்? என்னை வீழ்த்தியது நிறைமாதக்காரியை என்ன செய்யும்? எழுந்த வேகத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்து கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். கூப்பிடக் குரல் எழும்பவில்லை. நல்லவேளை, கஞ்சி டம்ளரோடு மருமகன்தான் உள்ளே வந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஃபிரிட்ஜில் பின்னால் ஒரு பொட்டலம் இருக்கிறது, அவள் கையில் படுவதற்குள் எடுத்துக் குப்பையில் போடுங்கள், நான் வழியில் தின்றது அதைத்தான், உங்கள் சாம்பார் ஒன்றும் செய்யவில்லை என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் டம்ளரை மேசையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அத நான் வியாழக்கெழமையே தூரப் போட்டுட்டேன் மாமா," என்றார். "ஒங்களுக்குக் குடிக்க எலுமிச்சம்பழம் எடுக்கப் போனேன். பின்னால இருந்துச்சு. பிரிச்ச ஒடனே வாட அடிச்சுட்டு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக விளங்கியது. டாக்டரம்மாளிடம் அவ்வளவு நேரம் அவர் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று கேட்டேன். "உள்ளதச் சொன்னேன். ஊர்ல செஞ்சு கொண்டாந்த இட்லி, ஒன்னரை நாளு மூடி வச்சு வழியில சாப்ட்டுருக்காவன்னு. டாக்டர்ட்ட மறைக்க முடியுமா?" என்றார். அப்படியானால் என் மகளிடம் ஏன் சொல்லவில்லை, ரெண்டு நாளாக ஏன் ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்றேன்.

அவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். "நான் மொத மொத இங்கன வரும்போது எங்கம்மா புளியோதர கட்டித் தந்துவிட்டா. மூணாவது நாளு ரூமுல வச்சுத் தின்னேன். நாலு நா எந்திரிக்க முடியல. யாரும் கூட இல்ல. இன்னைக்கு வரைக்கும் அவகிட்ட சொல்லல மாமா. இப்பவும் ஊருக்குப் போனா, அன்னைக்குக் கட்டித் தந்தது நல்லாருந்துச்சாலேன்னு கேக்கா. நல்லாருந்துச்சுன்னுதான் சொல்லுதேன்."

கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. அவர் அதை எடுத்து என் கையில் கொடுத்தார். எனக்கு மகன் இல்லை என்று சில நாள் வருத்தப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்த வருத்தம் போய்விட்டது.

அவர் போன பிறகு படுத்துக்கொண்டு யோசித்தேன். எந்த இடத்தில் தப்பு நடந்தது? என் மனைவி கட்டித் தந்த இட்லி ஒரு தடவைகூடக் கெட்டதில்லை. அதே அரிசி, அதே பொடி. அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. ரயிலுக்கு இட்லி அவித்தால் அவள் துவைத்த வேட்டியை விரித்து, இட்லியை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, ஃபேனைப் போட்டுவிட்டு நிற்பாள். சூட்டோடு கட்டக்கூடாது என்பாள். ஆவி உள்ளேயே நின்று வேர்த்து ஊசிப்போகும் என்பாள். நான் வாசலில் நின்று, "வண்டி போயிரும், சீக்கிரம் கட்டுட்டி" என்று கத்துவேன். "ஆறட்டும்" என்பாள். அத்தனை வருஷமும் அதை நான் அவளுடைய மெத்தனம் என்றுதான் நினைத்திருந்தேன். பொடிக்கு என்ன அளவு, எண்ணெய்க்கு என்ன அளவு என்பதையெல்லாம் கற்றுக்கொண்டவன், அவள் சும்மா நின்ற அந்த அரைமணி நேரத்தைக் கவனிக்கவே இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு முழுசாக நின்றது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மகளுக்குப் பனிக்குடம் உடைந்தது. சொன்ன நாளுக்கு ஒரு வாரம் முந்திக்கொண்டது பிள்ளை. என் ரெண்டு நாள் கணக்கு முடியவில்லை. மருமகன் பையைத் தூக்கிக்கொண்டு அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார். நான் என் அறை வாசலிலேயே நின்றேன். அவள் திரும்பிப் பார்த்து, "யப்பா, பயப்படாதிய" என்றாள். அவள் அம்மா இருந்திருந்தால் அந்த நேரத்தில் அவள் தலையைத் தடவிக்கொண்டு கூடவே போயிருப்பாள். அவளுக்குப் பதிலாக நான் வந்தேன். வந்து கதவோரம் நின்றேன். அந்த வீட்டில் தனியாக நான் அழுத அழுகையை யாரும் பார்க்கவில்லை. சாயங்காலம் போனில் பேத்தியைக் காட்டினார்கள். கை விரலை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தது. போன் கண்ணாடியைத் தடவினேன்.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தார்கள். முழங்கை வரை சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவிவிட்டுக் கையை நீட்டினேன். மகள் பிள்ளையை வைத்தாள். வைத்துவிட்டு மருமகனைப் பார்த்து, "இவ்வளவு தூரம் வந்தும் எங்கப்பா ஆஸ்பத்திரிக்கு வர முடியாம ஆக்கிட்டிய ஒங்க சாம்பாரால" என்றாள். பாதி விளையாட்டுத்தான். மீதிப் பாதி விளையாட்டில்லை என்பது அவள் குரலில் இருந்தது. மருமகன் சிரித்துக்கொண்டே துணிகளை மடித்தார். ஆயுசுக்கும் சுமப்பதற்கு ஆயத்தமாக இருந்தார் அவர். எனக்குத் தாங்கவில்லை. பிள்ளையை மார்பில் அணைத்துக்கொண்டே, அது சாம்பார் இல்லை மக்கா என்று ஆரம்பித்து, கொப்பரை ஏற்றியதில் இருந்து குப்பையில் போனது வரைக்கும் சொன்னேன். மருமகன் ரெண்டு தடவை குறுக்கே வந்தார். சும்மா இருங்க மாப்ளே என்று அடக்கிவிட்டேன்.

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. எனக்கென்று எத்தனை வைத்திருந்தீர்கள் என்று கேட்டாள். அஞ்சு என்றேன். அவள் கண் நிறைந்து, புருஷனைப் பார்த்து, "தூரப் போடுததுக்கு முன்னாடி எனக்கு ஒருக்காக் காட்டியிருக்கலாம்லா. திங்கவா போறேன். மோந்து பாத்துட்டுத் தந்திருப்பேன்" என்றாள்.

மருமகன் மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

மறுநாள் அரிசியும் உளுந்தும் ஊறப் போட்டேன். அந்தக் குளிரூரில் மாவு பொங்க ஒன்றரை நாள் எடுத்தது. வெள்ளிக்கிழமை காலையில் அவித்தேன். என் வேட்டியைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, இட்லியை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பினேன். அந்த வீட்டில் ஃபேன் கிடையாது, ஜன்னலைத் திறந்துவிட்டேன். பக்கத்தில் நின்றேன். மகள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாக நடந்து வந்து ஒரு இட்லியை எடுக்கக் கையை நீட்டினாள்.

"ஆறட்டும்" என்றேன்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். வேட்டியையும் இட்லியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் குரலிலேயே, நான் வாசலில் நின்று கத்துகிற அதே தோரணையில், "வண்டி போயிரும், சீக்கிரம் கட்டுட்டி" என்றாள்.

நாங்கள் ரெண்டு பேரும் சிரிப்பும் அழுகையுமாக மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். என்ன நடந்ததென்று தெரியாமல் மருமகன் ஓடி வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். இட்லி ஆறுவதற்கு அரைமணி நேரம் ஆனது.